மைசூர்ப் படை வந்தபோது: திருமலை நாயக்கரும் ஆர்க்காட்டு நவாபும்

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையில் படப்பையைத் தாண்டினால், ஒரகடம் வருவதற்குள் சேரப்பணஞ்சேரி வந்துவிடும். இன்று அந்தச் சாலையை நிறைப்பவை உதிரிபாகம் ஏற்றிப்போகும் லாரிகளும் ஷிப்டுக்கு ஆள் கொண்டுபோகும் கம்பெனி பஸ்களும்தான். கடற்கரைக்கும் காஞ்சிக்கும் நடுவே கிடக்கும் இந்த ஏரிப் பூமி முன்பு படைகள் நடந்த பூமி. பக்கத்து ஊரான மணிமங்கலத்தில் ஏழாம் நூற்றாண்டில் நரசிம்மவர்ம பல்லவன் சாளுக்கியப் படையை முறியடித்ததாகக் கூரம் செப்பேடு சொல்கிறது. அதே மணிமங்கலத்துக் கோயில் சுவரில் ராஜாதிராஜன், இரண்டாம் ராஜேந்திரன், வீரராஜேந்திரன் ஆகிய சோழ மன்னர்களின் மெய்க்கீர்த்திகள் சாளுக்கியப் போர்களை வரிவரியாகப் பேசுகின்றன. காஞ்சிக்கு அருகே புள்ளலூர். மகேந்திரவர்மன் பகைவரை வென்ற இடம் என்று காசக்குடிச் செப்பேடு குறிக்கும் அதே ஊரில்தான் 1780 செப்டம்பர் 10 அன்று கர்னல் பெய்லியின் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையை மைசூரின் ஐதர் அலியும் திப்புவும் அழித்தார்கள்.

இந்த வெற்றி தோல்விகளை நாம் பள்ளியில் படித்தோம். ஆனால் வேற்றுப் படை எல்லைக்கு வந்துவிட்டது என்று தெரிந்ததும் அரசர் யாருக்கு ஆள் அனுப்பினார், நிலம் வைத்திருந்தவர்களில் யார் ஆயுதத்தோடு புறப்பட்டு வந்தார்கள், யார் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்கள் என்பதைப் பற்றி நாம் அதிகம் பேசியதில்லை. தமிழ் நாட்டு வரலாற்றில் இந்தக் கேள்விக்கு விடை தேட இரண்டு நிகழ்ச்சிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். இரண்டிலும் படையெடுத்து வந்தது மைசூர். ஒன்றில் அழைப்பு அனுப்பியவர் மதுரைத் திருமலை நாயக்கர், காலம் 1650களின் பிற்பாதி. மற்றதில் அழைத்திருக்க வேண்டியவர் ஆர்க்காட்டு நவாப் முகமது அலி வாலாஜா, ஆண்டு 1780. இடையில் ஏறத்தாழ 120 ஆண்டுகள்.

முதலில் மதுரை. நாயக்கர் ஆட்சியின் படை பாளையப்பட்டுகளின் மேல் நின்றது. விசுவநாத நாயக்கரும் தளவாய் அரியநாத முதலியாரும் நாட்டை 72 பாளையங்களாகப் பிரித்து, மதுரைக் கோட்டையின் கொத்தளம் ஒவ்வொன்றையும் ஒரு பாளையக்காரர் பொறுப்பில் விட்டார்கள் என்பது வழிவழியாக வரும் செய்தி. பாளையத்து வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு நாயக்கருக்கு, ஒரு பங்கு படை வைத்துக்கொள்ள, ஒரு பங்கு பாளையக்காரரின் சொந்தச் செலவுக்கு என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. எல்லாப் பாளையத்திலும் இது துல்லியமாக நடந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. ஆனாலும் கணக்கின் உட்பொருள் தெளிவு. நிலத்தை வைத்துக்கொள்ளும் உரிமையும் அழைத்தால் ஆளோடு வர வேண்டிய கடனும் ஒரே கையில் இருந்தன.

சேதுபதிகளை மற்றப் பாளையக்காரர்களோடு ஒரே வரிசையில் வைப்பது சரியாகாது. அவர்கள் மறவர் சீமையின் மன்னர்கள். ராமேசுவரம் போகும் யாத்திரிகருக்கும் சேதுவுக்கும் காவலர்கள். மதுரைக்குக் கட்டுப்பட்டும் படாமலும் இருந்தவர்கள். 1640 ஆண்டு வாக்கில் திருமலை நாயக்கரே சேதுபதி மேல் படை அனுப்பினார். தளவாய் ராமப்பய்யன் நடத்திய அந்தப் போரில் ராமேசுவரம் தீவு வரை சண்டை நடந்தது. அந்தக் கதையை ‘இராமப்பய்யன் அம்மானை’ இன்றும் சுமந்துகொண்டிருக்கிறது. சேதுபதி சிறைப்பட்டார். ஆனால் மறவர் சீமை அடங்கவில்லை. யாத்திரை வழி பாழாயிற்று. கடைசியில் நாயக்கர் சேதுபதியை விடுவித்துத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. பிறகு வாரிசுச் சண்டை வந்தபோது சீமையைப் பங்கு பிரித்துப் பார்த்தார். அதுவும் நீடிக்கவில்லை. இறுதியில் முழுச் சீமையும் ரகுநாத சேதுபதியின் கைக்கு வந்தது. அதை நாயக்கர் ஏற்றுக்கொண்டார்.

இந்த ஏற்பை நான் முக்கியமாகக் கருதுகிறேன். படை வலிமை இருந்தும், ஒருமுறை வென்றும், திருமலை நாயக்கர் சேதுபதி குடியைப் பிடுங்கி எறியவில்லை. அது கருணையா, வேறு வழியில்லாமல் செய்ததா என்று வாதிடலாம். எனக்கு இரண்டாவதே சரியென்று படுகிறது. ஆனால் எந்தக் காரணத்தால் செய்தாலும் அதன் பலன் அடுத்த பதினைந்து ஆண்டுக்குள் தெரிந்தது. எட்டயபுரத்துப் பாளையக்காரர் தலைமையில் தெற்கே கலகம் எழுந்தபோது அதை அடக்க நாயக்கர் அனுப்பியதே ரகுநாத சேதுபதியைத்தான்.

மைசூர் வந்தது அதற்குப் பிறகு. மைசூரை அப்போது ஆண்டவர் கந்தீரவ நரசராஜர். அவருடைய படை சத்தியமங்கலத்தைப் பிடித்துக்கொண்டு தெற்கே மதுரையை நோக்கி இறங்கியது. வந்த வழியில் அகப்பட்டவர்களின் மூக்கை, ஆண் பெண் குழந்தை என்று பாராமல், மேலுதட்டோடு அறுத்து மைசூருக்கு அனுப்பினார்கள். அப்போது மதுரை மிஷனில் இருந்த பாதிரியார் புரோயன்சா 1659இல் எழுதிய கடிதம் இதற்குச் சான்று. திருமலை நாயக்கர் அப்போது நோயாளி. தாமே படை நடத்த முடியாத நிலை.

அவர் சேதுபதிக்குச் செய்தி அனுப்பினார். ராமநாதபுரத்து மரபு இதை வேறு விதமாகச் சொல்லும்: கடிதம் எழுதியது நாயக்கரின் ராணி, தன் தாலியைக் காக்கும்படி கேட்டாள் என்று. எது நடந்ததாக இருந்தாலும் சேதுபதி தயங்கவில்லை. மறவர் படை 25,000 என்றும், அதனோடு சேர மதுரை திரட்டியது 35,000 என்றும் பின்வந்த நூல்கள் கணக்குச் சொல்கின்றன. முழு எண்களாக வரும் இத்தகைய கணக்கை நான் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் விரைவு பொய்யாக இருக்க முடியாது. அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் மறவர் சீமையில் பணி செய்த பாதிரியார் மார்ட்டின், அங்கே ஒரு வாரத்துக்குள் முப்பது நாற்பதாயிரம் பேரைத் திரட்டிவிட முடியும் என்றும், படைக்கு வருபவர்களுக்கு நிலம் விடப்பட்டிருப்பதே அதற்குக் காரணம் என்றும் எழுதியிருக்கிறார். சேதுபதி ஆளனுப்பினால் சேர்வைக்காரர் வருவார். சேர்வைக்காரர் சொன்னால் அவர் கீழ் நிலம் உண்பவர் வருவார். சம்பளப் பட்டியல் தேவைப்படாத படை அது.

மைசூர்ப் படை பின்வாங்கியது. நாயக்கரின் தம்பி குமாரமுத்து தலைமையில் மதுரைப் படை மைசூர் எல்லைக்குள் புகுந்து அதே மூக்கறுப்பைத் திருப்பிச் செய்தது. அந்தக் கொடுமையை வீரம் என்று எழுதியவர்கள் உண்டு. நான் அப்படி எழுதத் தயாராக இல்லை. அறுபட்ட மூக்கு எந்தச் சீமையுடையதாக இருந்தாலும் அது ஒரு குடியானவனின் மூக்கு.

போர் முடிந்ததும் நாயக்கர் செய்தவற்றைக் கவனிக்க வேண்டும். சேதுபதி கட்டிவந்த கப்பத்தை நீக்கினார். திருப்புவனம், திருச்சுழி, பள்ளிமடம் ஆகிய ஊர்களைக் கொடுத்தார். ‘தாலிக்கு வேலி’, ‘ராணி சொல் காத்தான்’ போன்ற பட்டங்களையும் தம் பெயரையே சேர்த்துத் ‘திருமலை சேதுபதி’ என்னும் பெயரையும் வழங்கினார். மதுரையில் நடப்பது போலவே தம் சீமையிலும் நவராத்திரி கொண்டாடும் உரிமையைத் தந்தார். கொலு வைத்து, பரிவாரத்தை வரவழைத்து, மரியாதை வாங்கும் உரிமை என்றால் அரசன் என்னும் நிலையை ஒப்புக்கொண்டதாகத்தான் பொருள். 1659இல் நாயக்கர் இறந்தார். 

இங்கிலாந்தில் இதற்குக் கொஞ்சம் முன்பு நடந்ததை ஒரு பார்வை பார்த்துவிடலாம். 1588இல் ஸ்பெயினின் கப்பற்படை வருகிறது என்றதும் எலிசபெத் ராணி மாவட்டத்துக்கு மாவட்டம் தம் பிரதிநிதிகளுக்குக் கடிதம் எழுதி, நிலக்காரப் பிரபுக்களை ஆயுதத்தோடு கூட்டச் சொன்னார். யார் எத்தனை குதிரை, எத்தனை ஈட்டி, எத்தனை வில் வைத்திருக்க வேண்டும் என்பதை, ஆண்டு வருமானம் 5 பவுண்டிலிருந்து 1000 பவுண்டு வரை படிப்படியாக வகுத்த சட்டம் 1558லேயே வந்திருந்தது. அதாவது ஆபத்து வருவதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே கணக்கு எழுதப்பட்டிருந்தது. ஆனால் வெற்றிக்குப் பிறகு கப்பலில் சண்டையிட்ட மாலுமிகள் கூலி கிடைக்காமல் நோயில் மடிந்தார்கள். அவர்களுடைய தளபதி ஹோவர்டு அதைக் கண்டு வருந்தி எழுதினார். போர் முடிந்த பிறகு, அழைத்தபோது வந்தவர்களை நடத்தியதில் மதுரை நாயக்கர் அந்த அரசியை விட மேல் என்றே நான் சொல்வேன்.

இனி 1780.

அந்த ஜூலையில் ஐதர் அலி ஏறத்தாழ எண்பது தொண்ணூறாயிரம் பேரோடு செங்கம் கணவாய் வழியாகக் கீழே இறங்கினார். சென்னையில் இருந்த கம்பெனிக் கவுன்சில் வரும் செய்தியை நம்பாமல் நாளைக் கடத்தியது. ஆகஸ்டில் ஐதரின் குதிரைப்படை பரங்கிமலைப் பக்கம் வரை வந்து போனது. எரியும் ஊர்களின் புகையைப் பட்டணத்திலிருந்தே பார்த்தார்கள். ஜெனரல் மன்றோ காஞ்சியில் 5,000 பேருக்கு மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தார். வடக்கிலிருந்து வந்து அவரோடு சேர வேண்டிய பெய்லி, பேரம்பாக்கத்தில் திப்புவிடம் சிக்கி, புள்ளலூரில் முடிந்துபோனார். மன்றோ தம் பெரிய பீரங்கிகளைக் காஞ்சிக் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டு வழியாகச் சென்னைக்குத் திரும்பினார். நவம்பர் தொடக்கத்தில் ஆர்க்காடே விழுந்தது.

படை விவரம் எல்லா நூலிலும் கிடைக்கும். ஆனால் இத்தனைக்கும் கர்நாடகம் என்று அன்று அழைக்கப்பட்ட ஆர்க்காட்டு நாட்டின் அரசர் என்று பெயர் வைத்திருந்தவர் நவாப் முகமது அலி. திருநெல்வேலி முதல் நெல்லூர் வரை அவருடைய சீமை. அந்தச் சீமையின் பாளையக்காரர்களும் மன்னர்களும் எங்கே போனார்கள்?

மறவர் சீமையிலிருந்தே தொடங்கலாம். அன்று மதுரையைக் காத்த சேதுபதி குடியின் வாரிசு முத்துராமலிங்க சேதுபதி, 1780இல் மைசூர்ப் படை மறுபடி தமிழ்ச் சீமைக்குள் வந்தபோது, திருச்சிக் கோட்டையில் நவாபின் கைதியாக இருந்தார். 1772இல் நவாபின் படையும் கம்பெனிப் படையும் சேர்ந்து ராமநாதபுரத்தைப் பிடித்தபோது, சின்னஞ்சிறு பிள்ளையாக இருந்த அவரைத் தாயோடு கொண்டுபோய் அடைத்தார்கள். அதே மாதத்தில் காளையார்கோவிலில் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்டார். அவருடைய ராணி வேலு நாச்சியார் விருப்பாட்சி கோபால நாயக்கரின் பாதுகாப்பில் எட்டு ஆண்டு தங்கி, திண்டுக்கல்லில் ஐதரிடம் உதவி கேட்டு, மைசூர்ப் படையின் துணையோடு 1780இல் சிவகங்கையை மீட்டார்.

இந்த ஓர் உண்மையே ஒப்பீட்டின் நடுவில் நிற்கிறது. மைசூர்க்காரன் 1650களில் மறவர் சீமைக்கு அந்நியன், மூக்கறுக்க வந்தவன். 1780இல் அதே மறவர் சீமையின் ராணிக்கு மைசூர்க்காரன் புகலிடம். அந்நியன் யார் என்பதை எல்லைக்கோடு தீர்மானிப்பதில்லை. சொந்த அரசன் தன் குடிகளையும் குறுநில மன்னர்களையும் முந்தைய ஆண்டுகளில் எப்படி நடத்தினான் என்பதே தீர்மானிக்கிறது. நவாபுக்கு ராமநாதபுரமும் சிவகங்கையும் பாக்கி வைத்த ஆசாமிகள். பேஷ்குஷ் என்னும் கப்பம் வரவில்லை, பீரங்கி போகட்டும் என்பதுதான் அவருடைய கணக்கு. நெற்கட்டும்செவல் பூலித்தேவர் மேலும், மற்றத் தென்பாளையங்கள் மேலும் 1755 முதல் இதே கணக்கில்தான் படை போயிற்று. தஞ்சை மராத்திய மன்னர் மேல் 1771இலும் 1773இலும் போயிற்று. இரண்டாம் முறை தஞ்சையையே விழுங்கினார். லண்டனிலிருந்து உத்தரவு வந்த பிறகுதான் 1776இல் தஞ்சை மன்னருக்கு நாடு திரும்பக் கிடைத்தது.

இத்தனையும் ஏன் செய்தார்? கடன். கம்பெனி தம்மை நவாப் ஆக்கிய செலவுக்கும், தமக்காக நடத்திய போர்களுக்கும், பிறகு சென்னையிலிருந்த தனிப்பட்ட வெள்ளைக்காரர்களிடம் வாங்கிய வட்டிப் பணத்துக்கும் சீமை சீமையாக வருமானத்தை அடகு வைத்தார். பால் பென்ஃபீல்டு போன்றவர்கள் அதில் கொழுத்தார்கள். அடகு வைத்த நிலத்திலிருந்து படை வராது. பாளையக்காரரின் மூன்றில் ஒரு பங்கு படைச்செலவுக்கு என்ற பழைய ஏற்பாட்டில் இருந்த அந்தப் பங்கை வட்டிக்காரன் தின்றுவிட்டான். சொந்தச் சிப்பாய்க்கும் மாதக்கணக்கில் சம்பளம் பாக்கி. போர் தொடங்கி ஓராண்டு கழிந்து, 1781 டிசம்பரில் நவாப் தம் சீமையின் வருவாய் முழுவதையும் கம்பெனியிடம் ஒப்படைத்தார்.

தெற்கே பாஞ்சாலங்குறிச்சி என்ன செய்தது என்பதற்கும் சான்று உண்டு. 1783இல் கர்னல் ஃபுல்லர்ட்டன் அந்தக் கோட்டையைப் பிடித்தபோது, கொழும்பிலிருந்த டச்சு அதிகாரிகளுக்கும் பாளையக்காரருக்கும் இடையே ஆன உடன்படிக்கையின் மூலப்படி உள்ளே கிடைத்தது. நவாபும் கம்பெனியும் ஐதரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, தென்பாளையங்கள் தங்களுக்கு வேறு துணை தேடிக்கொண்டிருந்தன. இதைத் துரோகம் என்று கம்பெனிக்காரர்கள் எழுதினார்கள். என்னால் அந்தச் சொல்லை ஏற்க முடியவில்லை. துரோகம் செய்ய முதலில் ஒரு விசுவாசம் கொடுத்து வாங்கப்பட்டிருக்க வேண்டும்.

ஒரு விலக்கு இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் ஒப்பீடு நேர்மையாக இராது. புதுக்கோட்டைத் தொண்டைமான் ஐதரின் பக்கம் சாயவில்லை. எல்லைக்குள் வந்த மைசூர்ப் படையை எதிர்த்து விரட்டவும் செய்தார். புதுக்கோட்டையில் படை ஊழியத்துக்கு விடப்பட்ட அமர நிலங்கள் அப்போதும் அமரக்காரர்கள் கையில் இருந்தன. 1750களிலிருந்தே நவாபோடும் கம்பெனியோடும் நின்ற அந்தக் குடியின் மேல் நவாபின் பீரங்கி போகவில்லை. நிலமும் மரியாதையும் இருந்த இடத்தில் ஆயுதம் எடுக்க ஆள் இருந்தது. தொண்டைமானின் செயல் என் வாதத்தைக் குலைக்கவில்லை. மறுபக்கத்திலிருந்து அதையே சொல்கிறது.

சேரப்பணஞ்சேரிப் பக்கத்து நிலக்காரர் கதை இதற்கெல்லாம் வேறானது. எனக்கு மிக நெருக்கமானதும் அதுதான். தொண்டை மண்டலத்தில் நிலம் பாளையக்காரரிடம் இல்லை. காணியாட்சிக்காரர்களிடம், பின்னாள் சொல்லில் மிராசுதாரர்களிடம், பங்கு பங்காக இருந்தது. ஏரிப் பாசனத்தை நம்பிய வேளாளரும் பிராமணரும் அதில் பெரும்பான்மை. ஏர் அவர்கள் ஆள்கள் கையில். வாள் அவர்கள் கையில் இல்லை. இங்கே பாளையக்காரர் என்றால் காவல்காரர். திருட்டு போகாமல் காப்பதற்காக ஒவ்வோர் ஊர்க் களத்திலும் மேரை என்னும் விளைச்சல் பங்கை அளந்து வாங்கியவர். 1767க்கும் 1774க்கும் இடையில் தாமஸ் பார்னார்டு செய்த சுற்றாய்வின் கணக்குகளில், விளைச்சலில் கோயிலுக்கு, கணக்குப்பிள்ளைக்கு, வெட்டியானுக்கு, தச்சனுக்கு என்று பிரியும் பங்குகளோடு பாளையக்காரர் பங்கும் ஊர் ஊராக எழுதப்பட்டிருக்கிறது.

இந்தச் செங்கல்பட்டுச் சீமையை நவாப் 1763இல் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். கம்பெனி அதைத் திரும்பவும் நவாபுக்கே குத்தகைக்கு விட்டது. ஆக 1780இல் மணிமங்கலத்திலோ படப்பையிலோ பங்கு வைத்திருந்த ஒரு காணியாட்சிக்காரருக்கு, நிலத்தின் மேலுரிமைக்காரர் சென்னைக் கோட்டையில் இருந்தார். வரி வாங்குபவர் நவாபின் குத்தகை ஆள். காவலுக்குக் கூலி வாங்குபவர் பாளையக்காரர். மூன்று பேருக்கும் அளந்து கொடுத்தார். ஐதரின் குதிரைகள் வந்தபோது மூன்று பேரில் ஒருவரும் அவர் வாசலில் நிற்கவில்லை. நிற்க வேண்டிய கடமை தனக்கு உண்டு என்று மூவரில் ஒருவரும் நினைக்கவுமில்லை.

விளைவு இந்த மண்ணின் மேல் விழுந்தது. கம்பெனியைப் பட்டினி போடுவதற்காகச் சென்னையைச் சுற்றிய சீமையை ஐதர் பாழாக்கினார். ஏரிக்கரைகள் உடைந்தன, மாடுகள் ஓட்டிச் செல்லப்பட்டன, குடிகள் சிதறினார்கள். சென்னைக்குள் வந்து குவிந்த பஞ்சைகளுக்குக் கஞ்சி ஊற்ற 1782இல் ஏற்பட்டதுதான் மணியக்காரர் சத்திரம். 1794இல் ஜாகீருக்குக் கலெக்டராக வந்த லயனல் பிளேஸ், பத்தாண்டு கழிந்தும் ஆள் குடியிருந்த அடையாளம் மறைந்துபோன ஊர்களைப் பார்த்து எழுதினார். போருக்குப் பின்னான குழப்பத்தில் காவல் பாளையக்காரர்கள் தங்கள் மேரையை உயர்த்திக்கொண்டதையும் அவர் பதிவு செய்தார். காக்காத காவலுக்குக் கூலி ஏறியிருந்தது. பிளேஸ் அவர்களுடைய அதிகாரத்தைப் பறித்தார். அந்தச் செயலில் எனக்கு அவர்மேல் குறை இல்லை.

இரண்டு அரசரையும் ஒரே தராசில் வைக்கும்போது, திருமலை நாயக்கரைத் தூக்கிப் பிடிப்பது எளிது, தவறும் கூட. விஜயநகர ராயர் சீரங்கனுக்கு எதிராகத் தெற்கு நாயக்கர்களோடு கூடிச் சதி செய்து, வடக்கே சுல்தான்களின் படையைத் தமிழ்ச் சீமைக்குள் இழுத்துவிட்டவர் அவர். மைசூரின் பகைக்கு அதிலும் பங்குண்டு. அவருடைய மாளிகையும் தெப்பமும் குடிகள் கொடுத்த வரியில் எழுந்தவை. நவாபோ நல்லாட்சிக்கு ஆசையே இல்லாதவர் என்று சொல்லவும் நான் வரவில்லை. இந்துக் கோயில்களுக்கும் அவர் கொடை செய்திருக்கிறார். வேற்றுமை ஆளின் குணத்தில் இல்லை. நாயக்கருக்குப் படை தேவையென்றால் நிலக்காரரிடம்தான் போக வேண்டும். ஆகவே அவர்களை உயிரோடும் மதிப்போடும் வைத்திருக்க வேண்டிய கட்டாயம் அவருக்கு இருந்தது. நவாபுக்குக் கம்பெனிச் சிப்பாய் வாடகைக்குக் கிடைத்தான். வாடகைப் படையை வைத்துக்கொண்டு தன் நிலக்காரரையே அடிக்க முடிந்தபோது, அவர்களுடைய உறவு தேவையில்லை என்று ஆகிவிட்டது. வாடகைக்காரன் புள்ளலூரில் தோற்ற அன்றைக்கு, அழைக்க வேறு பெயர் மிச்சமில்லை.

முத்துராமலிங்க சேதுபதியை நவாப் 1781இல் விடுவித்தார். போர் நடுவே, மறவர் சீமை முழுதும் ஐதர் பக்கம் போய்விடுமோ என்ற அச்சத்தில் செய்த காரியம் அது. ஒன்பது ஆண்டுச் சிறைக்குப் பிறகு ஊர் திரும்பிய அந்த இளைஞர் கம்பெனியோடும் ஒத்துப்போகவில்லை. 1795இல் கம்பெனி அவரை மறுபடி பிடித்தது. 1801இல் கர்நாடகம் முழுவதும் கம்பெனியின் கைக்குப் போனது. அந்த ஆண்டு டிசம்பரில் தென்பாளையங்களின் ஆயுதங்களை ஒப்படைக்கச் சொல்லி கவர்னர் கிளைவின் அறிக்கை வந்தது. 1803இல் ராமநாதபுரமும் சிவகங்கையும் ஜமீன்களாயின. அதற்குப் பிறகு நிலக்காரர் செலுத்த வேண்டியது பணம் மட்டும்தான். சேதுபதி 1809இல் சென்னையில் சிறையிலேயே இறந்தார்.